ஓட்டப் பந்தயமும் வீடு திரும்பும் வீதியும்

மோட்டார்ப் பந்தயம் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்மவர் எஞ்சினையும் புகைக்குழாயையும் தாண்டிச் செல்வது அரிது. காரின் பின்பக்கத்தைத் தாங்கும் சஸ்பென்சனைப் பற்றிக் கேட்டால், "ஸ்பிறிங்கை வெட்டிப் பதித்துவிட்டோம்" என்று ஒரே வரியில் பதில் வரும். திருகோணமலை உட்துறைமுக வீதியில் மாலை வேளைகளில் அவ்வாறு பதிக்கப்பட்ட பழைய கார்கள் குதித்துக் குதித்துப் போவதை நானும் பார்க்கிறேன். பந்தயத்தை நான் எதிர்ப்பவன் அல்லன். ஸ்பிறிங் வெட்டும் இந்தப் பழக்கத்தையே எதிர்க்கிறேன்.

பந்தயம் இந்த நாட்டுக்குப் புதிதன்று. நுவரெலியா மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. களுத்துறை மாவட்டத்துக் கட்டுக்குருந்தவும் சென்னையை அடுத்த சோழவரமும் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதைகளாக இருந்து பந்தயத் திடல்களானவை. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்களின் தாக்குதலைக் கண்ட நமது சீனன்குடாவோ இன்றும் விமானப்படைத் தளமாகவே இருக்கின்றது. ஆகவே பந்தயம் விரும்பும் திருகோணமலை இளைஞன் பெரும்பாலும் தெற்கு நோக்கியே போக வேண்டும்.

கட்டுக்குருந்தவுக்கு இங்கிருந்து ஏறத்தாழ 300 கிலோமீற்றர். காரை லொறியில் ஏற்றிச் செல்ல வசதியுள்ளவர் சிலரே. மற்றவர்கள் பந்தயம் ஓடப்போகும் அதே காரில்தான் போய் வருகிறார்கள். திடலில் ஓடுவது சில சுற்றுகள். வீதியில் ஓடுவது 600 கிலோமீற்றர். கந்தளாய் தாண்டி ஹபரணை வரையிலான காட்டுவழியில் இருட்டில் யானை குறுக்கிட்டால், பிறேக் பிடித்து ஒதுங்க வேண்டியதும் அதே பின்சில்லுகளோடுதான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆதலால் பல வீடுகளில் அந்தப் பழைய கார் ஒன்றே குடும்பத்தின் வாகனம்.

ஸ்பிறிங்கை வெட்டினால் கார் தாழும், ஸ்பிறிங் இறுகும், ஆனால் சில்லு மேலும் கீழும் அசையும் தூரம் குறைந்துவிடும். வளைவில் ஒரு பள்ளம் வந்தால் அடித்தட்டும். அக்கணமே ரயரின் பிடி அறுந்து வால்பக்கம் வழுக்கும். பழைய ஸ்பிறிங்கிற்கு அளவாகச் செய்யப்பட்ட ஷொக் அப்சோபரால் இறுகிய ஸ்பிறிங்கின் துள்ளலை அடக்க முடியாது. வெட்டிய முனை இருக்கையில் சரிவரப் பொருந்தாமல், சில்லு தொங்கும்போது ஸ்பிறிங் கழன்றுவிடவும் கூடும்.

செய்ய வேண்டிய ஒழுங்கு வேறு. முதலில் துரு. கடற்காற்று உண்ட உடலில், ஸ்பிறிங்கும் ஷொக்கும் பொருத்தப்படும் இடங்களைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். அடுத்தது றப்பர் புஷ்கள். அவை தேய்ந்திருந்தால் பின்சில்லுகள் தாமாகவே திசைமாறும். மூன்றாவது, நல்ல ஷொக் அப்சோபர்கள், இரண்டும் ஒருங்கே. அதன் பின்னரே, அந்தக் காருக்கென்று செய்யப்பட்ட, சற்றே இறுக்கமான ஸ்பிறிங். பலருக்கு மூன்றாம் படியே போதுமானது.

காருக்குக் கார் வேறுபாடும் உண்டு. 1959இல் வெளிவந்த மினியின் ஸ்பிறிங் எஃகு அன்று. அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த றப்பர்க் கூம்பு. வயதேறினால் அது அமிழும். புதியதை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும். மொறிஸ் மைனரின் பின்பக்கம் எஃகுத் தகடுகளை அடுக்கிய லீஃப் ஸ்பிறிங். வேகமாகக் கிளப்பும்போது தகடு முறுகிச் சில்லு துள்ளும். அங்கே வேண்டியது, அச்சை முன்னோக்கி உடலோடு பிணைக்கும் ஓர் உறுதியான தண்டு.

முன்சில்லுகளால் இழுபடும் கார்களில் பின்பக்கத்தை இறுக்கினால் உலர்ந்த திடலில் வளைவு எளிதாகும். ஆனால் மார்கழி மழையில், வளைவின் நடுவே அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுத்தால் அதே கார் சுழன்றுவிடும். இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஷொக் அப்சோபர் இதற்கென்றே உள்ளது. திடலில் இறுக்குங்கள், புறப்படுமுன் மறவாமல் தளர்த்துங்கள்.

2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடம்விலகி ஏழு உயிர்களைப் பறித்தது. அதன் காரணத்தை இங்கு நான் ஆராயவில்லை. கட்டுப்பாடு இழந்த கார் ஓட்டியவனை மட்டும் தண்டிப்பதில்லை என்பதை அந்நாள் காட்டியது. சொந்தக் காருக்கு ஆண்டு அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது புகைப் பரிசோதனைச் சான்று கேட்கிறார்கள். பின்பக்க ஸ்பிறிங்கைக் குனிந்து பார்ப்பவர் இல்லை. கேட்கும் காலம் வரும்வரை அந்தப் பொறுப்பு காரின் சொந்தக்காரருடையதும் கராஜ்காரருடையதுமே.

கனடாவிலும் இலண்டனிலும் இருந்து ஊரிலுள்ள மருமகனுக்குப் பந்தயப் பாகம் வாங்கி அனுப்ப நினைக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பளபளக்கும் புகைக்குழாய் பின்னர் வரட்டும். முதற்பொதியில் ஒரு சோடி ஷொக் அப்சோபரும் ஒரு தொகுதி றப்பர் புஷ்களும் இருக்கட்டும்.