மெழுகுவத்தியைத் தாண்டினால் அதிர்ஷ்டம்... லேஸ் பின்னுபவர்களுக்கு நவம்பரிலேயே பண்டிகை! | கைத்திறன் கதைகள்

கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே வாழ்த்து சொல்லத் தொடங்கிவிடும் ஒரு கூட்டம் இருக்கிறது. நவம்பர் 25-ம் தேதி 'ஹேப்பி காட்டர்ன்ஸ்!' என்பார்கள். ஐந்து நாள் கழித்து, நவம்பர் 30-ம் தேதி 'ஹேப்பி டேண்டர்ஸ்!' என்பார்கள். சிலரிடமிருந்து, நூலால் பின்னிய குட்டி நட்சத்திரமோ மணியோ ஒட்டிய வாழ்த்து அட்டையும் வந்து சேரும்.

இவர்கள் கையால் லேஸ் பின்னுபவர்கள். பிழைப்புக்காக அல்ல, ஆசைக்காகப் பின்னுபவர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியைகள், கல்லூரி மாணவிகள், ஐ.டி ஊழியர்கள், சில ஆண்களும்கூட இதில் உண்டு. இந்த இரண்டு நாள்களும் அவர்களின் சொந்தப் பண்டிகைகள். ஆனால், இவை பிறந்த கதை கொஞ்சம் இருட்டானது.

யார் இந்த காட்டர்ன்?

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷையர், பெட்ஃபோர்டுஷையர், நார்த்தாம்ப்டன்ஷையர் மாவட்டங்கள் ஒரு காலத்தில் லேஸுக்குப் பேர்போனவை. நூல் நூற்பவர்களுக்கும் லேஸ் பின்னுபவர்களுக்கும் அங்கே பாதுகாவலர், அலெக்சாண்ட்ரியா நகரத்துப் புனித கத்தரீன். சக்கரம்தான் அவரது அடையாளம். அவர் திருநாள் நவம்பர் 25. 'கேத்தரின்' என்ற பெயர் கிராமத்து நாக்கில் உருண்டு 'காட்டர்ன்' ஆனது. புனித அந்திரேயாவின் திருநாள் நவம்பர் 30. 'செயின்ட் ஆண்ட்ரூ'தான் 'டேண்டர்' ஆகிவிட்டார்.

காட்டர்ன்ஸ் அன்று சோம்பு போல வாசனை வரும் கேரவே விதை தூவி 'காட்டர்ன் கேக்' சுடுவார்கள். எரியும் மெழுகுவத்தியை ஒவ்வொருவராகத் தாண்டிக் குதிப்பதும் உண்டு. சுடர் அணையாமல் தாண்டிவிட்டால் அந்த ஆண்டு அதிர்ஷ்டம் என்பது நம்பிக்கை.

எட்டாம் ஹென்றியின் முதல் மனைவியான ராணி கேத்தரின், பெட்ஃபோர்டுஷையரின் ஆம்ப்ட்ஹில் ஊரில் சிறிது காலம் தங்கியிருந்தவர். லேஸ் பெண்களுக்கு வேலை கிடைக்கட்டும் என்று தன்னிடமிருந்த லேஸ்களை அவர் எரித்துவிட்டுப் புதிதாகப் பின்னச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. வரலாற்று ஆதாரம் இல்லாத கதைதான். ஆனாலும், கேக் சாப்பிடும்போது அதைச் சொல்லாமல் விடமாட்டார்கள்.

திண்டு, குண்டூசி, பாபின்!

குரோஷே ஊசி நம்மூரில் பலருக்கும் பழக்கம். இது அது அல்ல. வைக்கோல் திணித்து இறுக்கிய ஒரு திண்டு, அதன்மேல் டிசைனுக்கு ஏற்றபடி துளையிட்ட அட்டை, துளைகளில் குத்த குண்டூசிகள், நூல் சுற்றிய சின்னச் சின்ன மரக் குச்சிகள்... இவ்வளவுதான் கருவிகள். அந்தக் குச்சிக்குப் பெயர் பாபின். பாபின்கள் எப்போதும் ஜோடி ஜோடியாகத்தான் இருக்கும்.

இதில் அசைவுகள் இரண்டே இரண்டு. நான்கு பாபின்களை இடமிருந்து வலமாக 1, 2, 3, 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் இரண்டில், இடப்பக்க நூலை வலப்பக்க நூலின் மேல் போட்டால் அது 'குறுக்கு'. பிறகு ஒவ்வொரு ஜோடியிலும் வலப்பக்க நூலை இடப்பக்க நூலின் மேல் போட்டால் அது 'முறுக்கு'. குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்று போட்டால் துணி நெய்தது போல அடர்த்தியாக வரும். குறுக்கு, முறுக்கு மட்டும் போட்டால் வலை போல வரும். பூ, இலை, மயில் கழுத்து என எந்த டிசைனாக இருந்தாலும் அடிப்படை இந்த இரண்டு அசைவுதான்.

எங்கே எந்த ஜோடியை எடுப்பது, எந்தக் குண்டூசியில் திரும்புவது என்பதில்தான் வித்தையே இருக்கிறது. துளையிட்ட அட்டை, கோலத்தின் புள்ளி மாதிரி. புள்ளியைப் பார்த்தால் மட்டும் கோலம் வந்துவிடுமா? கம்பி எப்படிப் போகிறது என்று யாராவது சொல்லித்தர வேண்டும்.

ஐந்து வயதுக் குழந்தைகள்

18, 19-ம் நூற்றாண்டுகளில் இந்த மாவட்டங்களில் 'லேஸ் பள்ளி' என்ற பெயரில் வீடுகள் இயங்கின. ஐந்து, ஆறு வயதிலேயே பிள்ளைகளை அங்கே அனுப்பிவிடுவார்கள். எழுத்து, படிப்பு எல்லாம் பேருக்குத்தான். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை குண்டூசி குத்தியாக வேண்டும் என்று கணக்கு இருந்தது. அந்தக் கணக்கை விட்டுவிடாமல் இருக்க, எண்ணிக்கையை வைத்தே பாட்டுகளும் இருந்தன. 'டெல்ஸ்' என்று அழைக்கப்பட்ட அந்தப் பாட்டுகளைப் பிள்ளைகள் கூட்டாகப் பாடிக்கொண்டே பின்னினார்கள்.

இரவில் ஒரே ஒரு மெழுகுவத்தி. அதைச் சுற்றித் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவைகளை வைப்பார்கள். குடுவை லென்ஸ் போல வேலை செய்து, ஒவ்வொருவரின் திண்டின் மேலும் வெளிச்சத்தைக் குவிக்கும். அடுப்பு மூட்டினால் புகையில் லேஸ் கறுத்துவிடும் என்பதால், கடுங்குளிரிலும் சூடான சாம்பல் போட்ட மண்சட்டியைப் பாவாடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நூலையும் வியாபாரியிடமே வாங்க வேண்டும், பின்னியதையும் அவரிடமே விற்க வேண்டும். பல இடங்களில் கூலி, காசாக அல்லாமல் சாமானாகவே கிடைத்தது.

இப்படிப்பட்ட வாழ்க்கையில் விடுமுறை என்று கிடைத்த அபூர்வ நாள்கள்தான் காட்டர்ன்ஸும் டேண்டர்ஸும். டேண்டர்ஸ் அன்று பிள்ளைகள் ஆசிரியையை வெளியே விட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, லீவு தந்தால்தான் திறப்போம் என்று அடம்பிடிக்கும் வழக்கம்கூட இருந்தது. மெழுகுவத்தியைத் தாண்டுகிற விளையாட்டின் அர்த்தம் இப்போது புரியும். ஆண்டு முழுக்க எந்த மெழுகுவத்தியின் முன் கண்ணைக் கெடுத்துக்கொண்டார்களோ, அதே மெழுகுவத்தியை அன்று ஒரு நாள் மட்டும் தாண்டிக் குதித்தார்கள்.

மெஷின் வந்தது... கைகள் மறந்தன!

1809-ல் ஜான் ஹீத்கோட் என்பவர் பாபின் வலையைப் பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். சில ஆண்டுகளிலேயே நாட்டிங்ஹாமில் ஜான் லீவர்ஸ், டிசைன் லேஸுக்கு வழிவகுத்த இயந்திரத்தை உருவாக்கினார். விலை சரிந்தது. 1840-ல் விக்டோரியா மகாராணியின் கல்யாண உடைக்கு டெவன் பகுதியின் கைப்பின்னல் லேஸைப் பயன்படுத்தி, அந்தத் தொழிலுக்குக் கைகொடுக்கப் பார்த்தார்கள். அது கொஞ்ச காலம்தான் தாங்கியது. 1870-ல் கல்விச் சட்டம் வந்தது. 1880-ல் பள்ளிக்குப் போவது கட்டாயமானது. லேஸ் பள்ளிகள் மூடின.

அவை மூடியதற்கு யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. அந்தப் பெண்கள் தங்கள் மகள்களுக்கு இந்த வேலை வேண்டாம் என்று நினைத்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால், இழப்பு வேறு இடத்தில் நடந்தது. வயிற்றுக்காகப் பின்னியவர்களுக்கு உட்கார்ந்து எழுதிவைக்க நேரமில்லை. பலருக்கு எழுதவும் தெரியாது. வித்தை முழுக்கக் கைகளிலேயே இருந்தது. அந்தக் கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தபோது, பெட்டிகளில் துளையிட்ட அட்டைகள் மிஞ்சின. எப்படிப் பின்னுவது என்று சொல்ல ஆள் இல்லை.

ஓல்னி ஊரைச் சேர்ந்த தாமஸ் ரைட் 1919-ல் எழுதிய புத்தகம், அந்தப் பாட்டுகளையும் பண்டிகைகளையும் பதிவு செய்து காப்பாற்றியது. பின்னலைக் காப்பாற்றியவர்கள் ஹாபிக்காரர்கள். மிச்சமிருந்த பாட்டிகளிடம் உட்கார்ந்து கற்றார்கள். மாலை நேர வகுப்புகள் நடத்தினார்கள். பழைய லேஸைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, நூல் போன வழியை ஒவ்வொரு முடிச்சாகக் கண்டுபிடித்து வரைந்தார்கள். 1976-ல் இங்கிலாந்தில் 'லேஸ் கில்ட்' அமைப்பு உருவானது.

வாழ்த்துதான் பாடப்புத்தகம்

அதனால்தான் இவர்களின் பண்டிகை வாழ்த்து வெறும் வாழ்த்தாக இருப்பதில்லை. ஒட்டியிருக்கும் நட்சத்திரத்தோடு அதன் டிசைன் அட்டையையும் சேர்த்து அனுப்புவார்கள். எத்தனை ஜோடி பாபின், எந்தக் கனத்தில் நூல், எங்கே தொடங்க வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும். வாங்கியவர் அதைப் பின்னிப் பார்த்து, 'மூன்றாவது முனையில் ஒரு முறுக்கு கூடுதலாகப் போட்டால் நன்றாக நிற்கிறது' என்று பதில் அனுப்புவார். அடுத்த ஆண்டு அதே நட்சத்திரம் இன்னும் கொஞ்சம் அழகாக வேறொருவருக்குப் போகும்.

பெயரும் ஆண்டும் பொறித்த பாபினைப் பரிசளிப்பதும் உண்டு. பழைய காலத்து எலும்பு பாபின்களில் காதலர் பெயர், குழந்தை பிறந்த நாள் எல்லாம் புள்ளி புள்ளியாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஊரில் யாரையாவது தூக்கிலிட்ட செய்திகூடச் சில பாபின்களில் இருக்கிறது! இந்த மாவட்டங்களின் பாபின் முனையில் ஒரு கண்ணாடி மணி வளையம் தொங்கும். பாபின் உருளாமல் இருக்கவும், நூல் இறுக்கமாக நிற்கவும் அந்த எடை உதவும். டெவன் பகுதியின் ஹானிடன் பாபினில் மணி இருக்காது. பின்னிய கண்ணிக்குள் பாபினையே நுழைத்து எடுக்க வேண்டியிருப்பதால், அது வழவழப்பாக, கூர்முனையோடு இருக்கும்.

இங்கிலாந்து மட்டுமல்ல. ஸ்லோவேனியாவின் இட்ரியா நகரில் 1876-ல் தொடங்கிய லேஸ் பள்ளி இன்றும் நடக்கிறது. இப்போது பிள்ளைகள் கட்டாயத்தில் அல்ல, விருப்பத்தில் வருகிறார்கள். ஸ்லோவேனியாவின் பாபின் லேஸ் கலையை 2018-ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நாகர்கோவிலுக்கு வந்த திண்டு

இந்தத் திண்டும் பாபினும் கப்பலேறி நம் ஊருக்கும் வந்தன. லண்டன் மிஷனரி சொசைட்டியைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் 1819-ல் நாகர்கோவில் வந்தார். அவர் மனைவி மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்கான பள்ளி நடத்தி, லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அப்போது தென் திருவிதாங்கூரில் அடிமைமுறை இருந்தது. அது சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான். அதற்கு முன்பே, அடிமை நிலையில் இருந்த பெண்களில் சிலர், லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே வாங்கினார்கள். அங்கே ஏழைக் குழந்தைகளைக் கட்டிப்போட்ட அதே நூல், இங்கே சிலருக்குக் கட்டை அவிழ்த்தது.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா, தமிழறிஞர் கால்டுவெல்லை 1844-ல் மணந்து இடையன்குடிக்குப் போனார். லேஸும் கூடவே போனது. பழைய ஆள்கள் லேஸைச் சொல்லும் 'ரேந்தை' என்ற வார்த்தை, போர்ச்சுகீசிய மொழியின் 'ரெண்டா'விலிருந்து வந்தது. இலங்கையின் காலி, வெலிகம பகுதிகளில் இதே திண்டு லேஸை 'பீரலு' என்ற பெயரில் இன்றும் பின்னுகிறார்கள்.

பாட்டி பெட்டியில் லேஸ் இருக்கிறதா?

இருந்தால், ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள்.

* அடர்த்தியான இடங்கள் குட்டித் துணி நெய்தது போல, நூல் மேலும் கீழுமாகப் போனால், பாபின் லேஸாக இருக்கலாம்.

* காஜா எடுத்தது போன்ற தையல் வரிசை வரிசையாக இருந்தால், ஊசியால் பின்னிய லேஸ்.

* சங்கிலிக் கண்ணிகள் தெரிந்தால், குரோஷே.

* ஓரங்களில் பிசிறும், வெட்டிய நூல் முனைகளும் தெரிந்து, எல்லாக் கண்ணிகளும் அச்சடித்தது போல ஒரே மாதிரி இருந்தால், பெரும்பாலும் மெஷின்.

பழைய லேஸை வாஷிங் மெஷினில் போடாதீர்கள். மடித்தும் வைக்காதீர்கள், மடிப்பில் நூல் இற்றுவிடும். சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணியோடு உருட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம்.

நீங்களும் பின்னலாம்!

ஒரு தெர்மாகோல் அட்டை, ஒரு குண்டூசி, எம்பிராய்டரி நூல், துணி காயப்போடும் கிளிப் நான்கு போதும். ஒரு மீட்டர் நீளத்தில் இரண்டு நூல்களை எடுத்து, பாதியாக மடித்து, மடிப்பைக் குண்டூசியில் மாட்டுங்கள். தொங்கும் நான்கு முனைகளிலும் நூலைச் சுற்றிக் கிளிப் போடுங்கள். இப்போது குறுக்கு, முறுக்கு, குறுக்கு, முறுக்கு என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். நான்கைந்து முறைக்கு ஒருமுறை ஜோடிகளை இருபக்கமும் லேசாக இழுத்து இறுக்குங்கள். ஜடையில் போடும் நாலுகால் பின்னல் மாதிரி ஒரு மெல்லிய நாடா இறங்கி வரும். ஒரு ஜாண் நீளம் வந்ததும் முடிச்சிட்டால் புக்மார்க் ரெடி.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் பக்கத்தில் உட்காரவையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை என்ற கணக்கெல்லாம் வேண்டாம். அவர்களுக்குக் கை வந்ததும், இன்னொருவருக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள்.

(அடுத்த வாரமும் பின்னுவோம்!)