சுரைக்குடுக்கை எதற்கு?

ஊரிலிருந்து விமானத்தில் வரும் வீணைகளில் முதலில் நசுங்குவது யாளிப் பக்கத்துச் சின்னக் குடுக்கைதான். "அது வெறும் அலங்காரம், இல்லாமலே வாசிக்கட்டும்" என்கிறார்கள் நம் பெற்றோர் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நாதம் பிறப்பது பலாமரக் குடத்தில். குடுக்கை அதில் சேர்ப்பது சொற்பம், மெய்தான். மேல்நாட்டிலும் இப்படி ஒன்று உண்டு. 1932இல் பாரிஸ் செல்மர் கம்பெனிக்காக மக்காஃபெரி என்பவர் வடிவமைத்த கிதாரின் வயிற்றுக்குள் இன்னொரு மரக்கூடு இருந்தது. அது கழன்று கடகடத்ததால் பலர் பிடுங்கிவிட்டார்கள். கிதார் பாட்டுக்குப் பாடிக்கொண்டுதான் இருந்தது.

வீணை அப்படியல்ல. குடுக்கை இடது தொடையில் அமர்ந்தால்தான் தண்டி அசையாது. ராமநாதபுரம் ஸ்ரீநிவாச ஐயங்காரின் மோகன வர்ணத்தை (நம் பிள்ளைகள் தப்பாமல் கற்பதுதான்) குடுக்கையில்லாமல் ஒரு சிறுமி வாசிக்கப் பார்த்தேன். தந்தியை இழுக்கும்போதெல்லாம் வீணை சரிந்தது. பிஞ்சுக் கை வீணையைத் தாங்குமா, கமகம் பிடிக்குமா? இரண்டே மாதத்தில் கை வலிக்கிறதென்று வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு நல்ல ஞானம் இருந்தது.

சுரைக்காய்தான் வேண்டுமென்று ஊருக்கு எழுதிக் காத்திருக்காதீர்கள். காகிதக்கூழோ ஃபைபரோ, கிடைத்ததை வாங்கி உடனே மாட்டுங்கள்.