தமக்கை நடத்திய கல்யாணம்

சென்ற மாதம் ஓசூரில் எங்கள் பக்கத்து வீட்டில் நிக்காஹ். தாயில்லாப் பிள்ளை. மாப்பிள்ளையின் முகம் தெரியாதபடி மல்லிகையும் ரோஜாவும் சரம் சரமாகத் தொங்கின. அதற்குச் 'செஹ்ரா' என்று பெயர். ஓசூர் ரோஜாவுக்குக் கேட்க வேண்டுமா!

அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு பழைய சித்திரம் ஞாபகத்துக்கு வந்தது, சகோதரிகளே. 'பாதுஷா நாமா' என்பது ஷாஜஹானின் ஆட்சியைப் பாரசீக மொழியில் சொல்லும் சித்திரச் சுவடி. இங்கிலாந்தில், விண்ட்ஸர் கோட்டையில் இருக்கிறது. அங்கே எப்படிப் போயிற்று என்கிறீர்களா? அயோத்தி நவாப் பரிசாக அனுப்பினார். 1799-ல் போய்ச் சேர்ந்தது. 1633 பிப்ரவரியில் ஆக்ராவில் நடந்த இளவரசர் தாரா ஷிகோவின் கல்யாண ஊர்வலத்தை அதில் தீட்டியிருக்கிறார்கள்.

அந்த ஊர்வலத்தில் ஜஹானாரா இல்லை. கோஷாவில் இருக்கும் அரசகுமாரி வீதிக்கு எப்படி வருவாள்? ஆனால் கல்யாணத்தை நடத்தியதே அவள்தான்!

ஏற்பாடுகளைத் தொடங்கியவள் தாய் மும்தாஜ். 1631 ஜூனில் புர்ஹான்பூரில், 14-ஆவது பிரசவத்தில் கண்மூடினாள். எல்லாம் அப்படியே நின்றது. பாதுஷா துக்கத்தில் உடைந்து போனார். மூத்த மகள் ஜஹானாராவுக்கு அப்போது 17 வயது. தம்பி தாரா அவளுக்கு ஒரு வயதுதான் இளையவன். தாய் தொட்டு வைத்த காரியத்தை அந்தப் பெண் கையில் எடுத்தாள். தாயின் அந்தரங்கத் தோழி ஸதீ உன்னிஸா துணை நின்றாள். செலவு 32 லட்சம் ரூபாய், அந்தக் காலத்து ரூபாய்! அதில் 16 லட்சம் ஜஹானாரா கொடுத்தது.

தாராவின் செஹ்ரா பூவல்ல. முத்தும் மாணிக்கமும் மரகதமும். 1612-ல் மும்தாஜை மணந்தபோது தம் தந்தை ஜஹாங்கீர் தமக்குக் கட்டிய அதே செஹ்ராவைத்தான் ஷாஜஹான் மகனுக்குக் கட்டினாராம். கட்டும்போது அந்தக் கை நடுங்காமலா இருந்திருக்கும்?

பக்கத்து வீட்டிலும் எல்லாம் அக்காதான். தொழிற்சாலையில் வேலை பார்க்கிற பெண். சீட்டுப் பணம் எடுத்துச் செய்தாள். ஊர்வலம் கிளம்பும் நேரம் புகைப்படக்காரர் எல்லோரையும் கூப்பிடுகிறார், இவளோ உள்ளே சீர்த்தட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

"வேலை இருக்கு மாமி, நீங்க போய் நில்லுங்க" என்றாள்.

விடுவேனா? கையைப் பிடித்து இழுத்து வந்து தம்பிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். புடவைத் தலைப்பைக்கூடச் சரி செய்துகொள்ள விடவில்லை.