குழந்தையின் வெள்ளாடையில் பால் கறை

பேறுகாலம் முடிந்து தாயும் சேயும் இல்லம் சேர்ந்துவிட்டால், வீட்டுக் கொடிகளெல்லாம் சின்னஞ்சிறு துணிகளால் நிறைந்துவிடும். சட்டை, இடுப்புத்துணி, போர்வை, தூளிச்சேலை என ஒவ்வொன்றிலும் குழந்தை கக்கிய பால் பட்டிருக்கும். அன்றன்றே துவைத்து, வெள்ளை வெளேரென்று மடித்து வைக்கிறோம். சில திங்கள் கழித்துப் பெட்டியைத் திறந்தால், கழுத்திலும் நெஞ்சிலும் மஞ்சள் திட்டுகள் தென்படுகின்றன. மூத்த குழந்தையின் திருமுழுக்கிற்கு அணிவித்த வெள்ளாடையை இளையதற்கென்று காத்து வைத்த தாய்மார் பலர், இதைக் கண்டு மனம் வருந்துவதுண்டு.

துவைத்த அன்று கண்ணில் படாத கறை பிறகு எங்கிருந்து வந்தது? அது புதிதாக வந்ததன்று, துணியிலேயே தங்கியிருந்தது. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு நீர். எஞ்சியதில் சர்க்கரை ஏறத்தாழ 7 பங்கு, கொழுப்பு 4 பங்கு, புரதம் 1 பங்கு. சர்க்கரை நீரில் எளிதாகக் கரைந்து போகும். புரதமும் கொழுப்பும் நூலிழைகளைப் பற்றிக்கொள்ளும். அரைகுறையாக அலசிய துணியில் எஞ்சிய கொழுப்பு, நாளடைவில் காற்றுப்பட்டு மஞ்சளாகிறது. பசும்பாலில் புரதம் 3 பங்குக்கும் மேல். பால்மாவிலோ பசும்பால் புரதத்துடன் தாவர எண்ணெயும் சேர்ந்திருக்கும். புட்டிப்பால் கறை தாய்ப்பால் கறையைவிடப் பிடிவாதமாயிருப்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே தாய்மார் முதலாவதாக நினைவிற்கொள்ள வேண்டியது இது: பால் கறையில் முதலில் வெந்நீர் படலாகாது. பாலைக் காய்ச்சினால் மேலே ஆடை படிவதையும், அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பது எவ்வளவு பாடு என்பதையும் அடுப்படியில் நிற்கும் எவரும் அறிவர். சூடுபட்ட புரதம் இறுகிவிடும். துணியிலும் அதுவே நிகழ்கிறது. கிருமி சாக வேண்டுமென்று பாட்டிமார் உடனே கொதிநீரில் போடுவது நல்லெண்ணத்தினால்தான். ஆனால் கறை போன பின்னரே வெந்நீர் வரவேண்டும். இஸ்திரிப் பெட்டிக்கும் இதே விதி பொருந்தும்.

துவைக்கும் முறை இது. பால் பட்டவுடன் துணியைத் திருப்பி, கறையின் பின்புறத்தில் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். கறை வந்த வழியே திரும்பிப் போகும். கட்டியாகக் கக்கியிருந்தால் முதலில் அதை வழித்தெடுத்துவிடுங்கள். பிறகு நொதி சேர்ந்த சலவைத்தூளைக் கரைத்து, அரைமணி முதல் ஒருமணி நேரம் ஊறவிடுங்கள். பழைய கறையாயின் இரவு முழுதும் ஊறலாம். நொதி என்பது புரதத்தையும் கொழுப்பையும் சிறு துணுக்குகளாக உடைத்துக் கரையச் செய்யும் பொருள்; பொட்டலத்தில் ‘என்சைம்’ என்று அச்சிட்டிருப்பார்கள். சலவைக்கு நொதியைப் பயன்படுத்தலாமென்று ஜெர்மானிய வேதியியலார் ஓட்டோ ரோம் 1913-இல் காப்புரிமை பதிவு செய்தார். அன்று விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்தனர். இன்று நுண்ணுயிர்களைக் கொண்டு உண்டாக்குகின்றனர். இளஞ்சூடான நீரில் நொதி நன்கு வேலை செய்யும்; கொதிநீரில் அழிந்துபோகும். மதுரைக் கோடையில் மாடித்தொட்டி நீரே போதிய சூட்டுடன் இருப்பதால், தனியே காய்ச்ச வேண்டியதில்லை. பட்டுக்கும் கம்பளிக்கும் மட்டும் நொதி ஆகாது. அவையும் புரத இழைகளே. ஊறிய துணியைக் கசக்கித் துவைத்து, மும்முறை நல்ல நீரில் அலசுங்கள். தூளின் எச்சம் குழந்தையின் மெல்லிய தோலை உறுத்தும்.

நம் பகுதியில் இன்னுமோர் இடையூறு உண்டு. மதுரையைச் சுற்றிய ஊர்கள் பலவற்றில் கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் உப்புத் தண்ணீரே. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்புடன் சேர்ந்து நுரையை அடக்கி, சாம்பல் நிறப் படிவமாகத் துணியில் ஒட்டுகிறது. அந்தப் படிவம் பால் கொழுப்பையும் தன்னுடன் பிடித்து வைத்துக்கொள்கிறது. இத்தகைய நீரில் பருத்தித் துணி துவைப்போர், ஒரு வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவை முதலில் கரைத்து, பிறகு சோப்பைப் பயன்படுத்தலாம். கடைசி அலசலுக்காவது மழைநீரையோ குழாயில் வரும் ஆற்று நீரையோ ஒதுக்கி வைப்பது நலம்.

நம் சலவைத் தொழிலாளர் இதனைப் பன்னெடுங்காலமாக அறிந்திருந்தனர். வைகையில் நீர் ஓடிய நாள்களில் அவர்கள் அழுக்குத் துணியை எடுத்தவுடன் ஆவியில் வைத்ததில்லை. முதலில் உவர்மண் கரைத்த நீரில் நனைத்து ஊறவைத்தனர். உவர்மண்ணிலுள்ள சோடா கொழுப்பை இளக்கியது. அதன் பின்னரே வெள்ளாவி. அதன் பின் ஆற்றில் அலசி, மணலில் வெயிலுக்கு விரித்தனர். ஊறல் முதலில், சூடு அடுத்து, வெயில் இறுதியில் என்னும் அந்த வரிசையே நமக்குப் பாடம்.

ஏற்கெனவே மஞ்சளாகிப்போன வெள்ளைப் பருத்தித் துணிக்கும் வழி உண்டு. நொதித்தூளில் ஓரிரவு ஊறவைத்து அலசியபின், ஈரத்தோடு நல்ல வெயிலில் விரியுங்கள். காயக் காய நீர் தெளித்து வந்தால் வெயிலே பெரும்பகுதியை வெளுக்கும். அதற்கும் அசையாத திட்டுக்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடைத் தொட்டு வைத்து, பத்து நிமிடம் கழித்து அலசுங்கள். 6 விழுக்காடு கிடைத்தால் அதே அளவு நீர் சேர்த்துக்கொள்க. சுண்ணாம்பு வாடை வீசும் பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டா. எஞ்சிய புரதத்தோடு சேர்ந்து அது மேலும் மஞ்சளாக்கும்; எலுமிச்சைச் சாறோ வினிகரோ அதனுடன் கலந்தால் நச்சுவாயு கிளம்பும். சொட்டு நீலம் மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்குமேயன்றிக் கறையை நீக்காது. தாயின் புதுச் சுங்குடிச் சேலையைக் குழந்தைத் துணியுடன் ஊறவைத்தால், பால் கறை போய்ச் சாயக்கறை வந்து சேரும்.

இனிச் சேமித்து வைக்கும் முறை. துணிக்குக் கஞ்சி போடாமல், ஈரம் சிறிதுமின்றி உலர்த்தி, வெளுத்த பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். ஆண்டுக்கு இருமுறை எடுத்து வெயில் காட்டினால் போதும். பாச்சை உருண்டையை மட்டும் குழந்தைத் துணியிருக்கும் பெட்டியில் போடவே போடாதீர்கள். கறையாவது ஆடையைக் கெடுப்பதோடு நிற்கும். இதுவோ குழந்தையையே கெடுக்கக்கூடும்.

அந்த உருண்டைகளில் பலவும் நாப்தலீன் என்னும் பொருளால் ஆனவை. அதன் ஆவி துணியில் ஏறி நிற்கும். பிறவியிலேயே ‘ஜி-6-பி-டி’ என்னும் நொதி குறைந்த குழந்தைகள் நம் நாட்டிலும் உள்ளனர். பெரும்பாலும் ஆண் குழந்தைகள். பார்வைக்கு அவர்களிடம் எந்தக் குறையும் தெரியாது. நாப்தலீன் ஏறிய துணியை அவர்களுக்கு உடுத்தினால், இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சட்காமாலை காணலாம். அது முற்றினால் மூளைக்கும் உயிருக்கும் கேடு. நாப்தலீன் எண்ணெயில் கரையும் தன்மையுடையது. எண்ணெய் தேய்த்த உடலில் அத்துணி பட்டால் நஞ்சு மேலும் விரைவாகத் தோலினுள் இறங்கும். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும் வழக்கமுள்ள நம் வீடுகளில் இதனை மறக்கலாகாது. உருண்டை வாடை வீசும் துணியைப் பச்சிளங்குழந்தைக்கு உடுத்தாமல் விடுவதே பாதுகாப்பு. அறியாமல் உடுத்தி, குழந்தையின் கண்ணோ தோலோ மஞ்சளித்தாலும், சிறுநீர் தேயிலைநீர் போல் கறுத்தாலும், பால் குடிக்க மறுத்துச் சோர்ந்தாலும், கைம்மருந்து தேடி நேரம் போக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். துணியில் பாச்சை உருண்டை இருந்ததையும் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

உறவினரும் அண்டை வீட்டாரும் அன்போடு தரும் பழைய குழந்தைத் துணிகளுக்கும் இது பொருந்தும். வாங்கியவுடன் முகர்ந்து பாருங்கள். கொடுப்பவராயின், கறை நீக்கி, வெயிலில் உலர்த்தி, உருண்டை படாத துணியாகக் கொடுங்கள். பெட்டியில் துணிகளை அடுக்கப்போகும் தாய்மார் இன்றே ஒருமுறை மூலைகளைத் துழாவி, உருண்டைகள் கிடந்தால் அகற்றிவிடுவது நன்று.