மருந்து பரிசோதனையில் சேருபவருக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? இந்திய சட்டம் சொல்வது என்ன?

2020 அக்டோபர் 1-ம் தேதி, சென்னையில் ஒருவர் கோவிஷீல்டு தடுப்பூசியின் பரிசோதனையில் தன்னார்வலராகச் சேர்ந்து ஊசி போட்டுக்கொண்டார். தடுப்பூசி இன்னும் மக்களுக்கு வந்திருக்காத நேரம் அது. அடுத்த சில நாட்களில் நரம்பு மண்டலம் சார்ந்த கடுமையான பாதிப்புடன் அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நவம்பரில் 5 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்.

தயாரிப்பு நிறுவனமான சீரம் இன்ஸ்டிடியூட், பாதிப்புக்கும் தடுப்பூசிக்கும் சம்பந்தம் இல்லை என்றது. அதோடு நிற்கவில்லை. தங்கள் பெயரைக் கெடுத்ததற்காக 100 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கேட்போம் என்றும் சொன்னது. முதல்கட்ட ஆய்வின்படி பரிசோதனையை நிறுத்தத் தேவையில்லை என்றது அரசுத் தரப்பு. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது.

ஊசி போட்ட பிறகு அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனதை யாரும் மறுக்கவில்லை. ஊசியால்தான் அப்படி ஆனதா என்பதில்தான் தகராறு. இந்தியாவில் மருந்து பரிசோதனையில் சேரும் ஒவ்வொருவரின் பாதுகாப்பும் கடைசியில் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

யாரை, எதற்காகச் சேர்க்கிறார்கள்?

ஒரு புது மருந்து விலங்குகளில் சோதிக்கப்பட்ட பிறகு, முதல்கட்டமாக குறைந்த எண்ணிக்கையிலான மனிதர்களுக்குக் கொடுக்கப்படும். பெரும்பாலும் நோய் இல்லாத ஆரோக்கியமானவர்கள். மருந்து நோயைக் குணமாக்குகிறதா என்பதை இங்கே பார்ப்பதில்லை; உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதுதான் கேள்வி. புற்றுநோய் மருந்துகள் போன்றவற்றில் முதல்கட்டமே நோயாளிகளிடம்தான் நடக்கும். இரண்டாம், மூன்றாம் கட்டங்களில் நோயாளிகள் வருவார்கள். தடுப்பூசி என்றால் கடைசி வரை ஆரோக்கியமானவர்கள்தான்.

இன்னொரு வகையும் உண்டு. ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் மருந்தை வேறொரு கம்பெனி ஜெனரிக்காகத் தயாரிக்கும்போது, அது ரத்தத்தில் அதே அளவு சேர்கிறதா என்று பார்க்கும் சோதனை. இதற்கு ஆரோக்கியமான ஆட்களை மையத்திலேயே தங்கவைத்து, மாத்திரை கொடுத்து, குறிப்பிட்ட இடைவெளிகளில் ரத்தம் எடுப்பார்கள். அகமதாபாத், ஹைதராபாத், பெங்களூரு, சென்னை என்று பல நகரங்களில் இது ஒரு தொழிலாகவே நடக்கிறது. கலந்துகொள்பவருக்கு பணம் உண்டு. விலை குறைந்த ஜெனரிக் மாத்திரைகள் கடைக்கு வருவதற்குப் பின்னால் இப்படிப்பட்ட ஆட்களின் ரத்தம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

பணம் வந்தால் சிக்கலும் கூடவே வருகிறது. ஒரு சோதனை முடிந்து உடம்பிலிருந்து மருந்து வெளியேறுவதற்குள் அடுத்த ஊரில் இன்னொரு சோதனைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 2017-ல் தெலங்கானாவின் கரீம்நகர் பகுதி இளைஞர்கள் இப்படிப் போய்வந்து பாதிக்கப்பட்டதாகப் புகார் எழுந்து, மாநில அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. பிரான்ஸில் ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கென்று தேசியப் பதிவேடு இருக்கிறது. ஒருவர் ஓராண்டில் இவ்வளவுதான் வாங்கலாம் என்று உச்சவரம்பும் இருக்கிறது.

ஆரோக்கியமானவருக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

2006 மார்ச் 13, லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகம். டிஜிஎன்1412 என்ற மருந்தின் முதல்கட்ட சோதனைக்கு ஆரோக்கியமான 8 ஆண்கள் வந்திருந்தார்கள். இருவருக்கு மருந்து இல்லாத வெற்று ஊசி. மீதி 6 பேருக்கு சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து மருந்து ஏற்றப்பட்டது. சில மணி நேரத்தில் ஆறு பேருமே உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். உயிர் பிழைத்தாலும் ஒருவர் கால்விரல்களை இழந்தார். குரங்குகளுக்குக் கொடுத்ததில் 500-ல் ஒரு பங்கு அளவுதான் இவர்களுக்குக் கொடுக்கப்பட்டது என்பதுதான் அதிர்ச்சி.

முதல் ஆளுக்குக் கொடுத்துவிட்டு, பொறுத்திருந்து பார்த்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்ற நடைமுறை அதன் பிறகுதான் கண்டிப்பானது. அப்படியும் 2016 ஜனவரியில் பிரான்ஸின் ரென் நகரில் இன்னொரு முதல்கட்ட சோதனையில் ஒருவர் இறந்தார். இப்படி நடப்பது அரிது. ஆனால் நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது.

இந்தியாவில் எவ்வளவு இழப்பீடு?

2019 மார்ச்சில் அமலுக்கு வந்த புதிய மருந்துகள் மற்றும் மருந்து பரிசோதனை விதிகள் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறது. அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய். அதை வயதுக்கான எண்ணாலும் ஆபத்துக்கான எண்ணாலும் பெருக்கி, 99.37-ஆல் வகுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் பிழைப்பது கடினம் என்ற நிலையில் இருக்கும் நோயாளிக்கு ஆபத்து எண் 0.5, ஆரோக்கியமானவருக்கு 4.

அதாவது 25 வயது ஆரோக்கியமான தன்னார்வலர் மருந்தால் இறந்தால் குடும்பத்துக்கு சுமார் 69.8 லட்சம் ரூபாய். 65 வயதைத் தாண்டிய, நோய் முற்றிய ஒருவர் இறந்தால் 4 லட்சம். எப்படியும் சாகப்போகிறவர்தானே என்று சட்டம் கணக்குப் போடுவது போலத் தோன்றலாம். அது முழுக்கத் தவறான எண்ணம் என்றும் சொல்லிவிட முடியாது.

குணமாகிவிடும் பாதிப்பு என்றால், மருத்துவமனையில் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் டெல்லியின் அன்றாடக் குறைந்தபட்சக் கூலியைப் போல இரண்டு மடங்கு. தூத்துக்குடிக்காரருக்கும் டெல்லிக் கூலிதான் கணக்கு.

இதைத் தவிர, பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு முழுக்க பரிசோதனையை நடத்தும் நிறுவனத்துடையது. பாதிப்புக்கும் பரிசோதனைக்கும் சம்பந்தமில்லை என்று உறுதியாகும் வரை இலவச சிகிச்சை கொடுத்தாக வேண்டும். இந்த விதி பலருக்குத் தெரியாததால், அலைந்து திரிந்து கைக்காசைச் செலவழித்துவிடுகிறார்கள்.

'மருந்தால்தான்' என்று யார் முடிவு செய்வது?

2005 முதல் 2012 வரை இந்தியாவில் 475 புதிய மருந்துகளின் பரிசோதனையின்போது 2,644 பேர் இறந்ததாக மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அதில் பரிசோதனையால் நேர்ந்தவை என்று ஏற்கப்பட்ட மரணங்கள் 80.

மீதி எல்லாமே மூடி மறைக்கப்பட்டவை என்று இதற்கு அர்த்தமில்லை. பரிசோதனைக்கு வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே தீவிர நோயாளிகள், நோயாலேயே இறந்திருக்கலாம். ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளியில், முடிவு செய்கிறவர் யார் என்பது முக்கியமாகிவிடுகிறது. ஸ்வஸ்த்ய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு தொடுத்த இந்த வழக்குக்குப் பிறகுதான், 2013-ல் இழப்பீட்டு விதிகள் சட்டமாயின.

இப்போதைய நடைமுறை இது: கடுமையான பாதிப்பு ஏற்பட்டால் 24 மணி நேரத்துக்குள் ஆய்வு மருத்துவர் தகவல் கொடுக்க வேண்டும். 14 நாட்களுக்குள் அவரும் நிறுவனமும் காரணம் பற்றி அறிக்கை தர வேண்டும். 30 நாட்களுக்குள் எத்திக்ஸ் கமிட்டி கருத்து சொல்ல வேண்டும். இறுதி முடிவு மத்திய மருந்து கட்டுப்பாட்டு அதிகாரியுடையது. அதற்கு 90 நாட்கள். உத்தரவு வந்தால் 30 நாட்களில் பணம் வந்தாக வேண்டும்.

கவனித்தால், காரணத்தைப் பற்றி முதலில் எழுதுவது பரிசோதனையை நடத்துகிறவர்கள்தான். பாதிக்கப்பட்டவர் தன் தரப்பைச் சொல்ல அந்த வரிசையில் தனியாக ஒரு படி இல்லை. எத்திக்ஸ் கமிட்டிதான் அவருக்கான இடம். குறைந்தது 7 பேர் கொண்ட அந்தக் கமிட்டியில் பாதிப் பேர் அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். ஒரு சட்ட வல்லுநரும், துறை சாராத ஒரு சாதாரண நபரும், ஒரு பெண்ணும் கட்டாயம்.

கையெழுத்து போட்டாச்சு, அவ்வளவுதானா?

2009-10-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் 10 முதல் 14 வயதுள்ள சுமார் 14 ஆயிரம் சிறுமிகளுக்கு எச்பிவி தடுப்பூசி ஆய்வு நடந்தது. பலர் பழங்குடி விடுதி மாணவிகள். பல ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதில் விடுதி வார்டன்கள் கையெழுத்து போட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. சிறுமிகளின் மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. ஆனால் ஒப்புதல் வாங்கிய விதத்தை 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது.

2020 டிசம்பரில் போபாலில் கோவேக்சின் பரிசோதனையில் சேர்ந்த விஷவாயுப் பகுதி மக்கள் சிலர், தங்களுக்கு 750 ரூபாய் கொடுத்ததாகவும், அது பரிசோதனை என்றே தெரியாது என்றும் சொன்னார்கள். சம்பந்தப்பட்ட மருத்துவமனை அதை மறுத்தது.

சட்டப்படி, படிவம் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னால் படித்துக் காட்ட வேண்டும். புது மூலக்கூறு மருந்துகளில், எளிதில் பாதிக்கப்படக்கூடிய பிரிவினர் ஒப்புதல் கொடுப்பதை வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும். கையெழுத்து போட்டதால் எந்த உரிமையும் போகாது. எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

நோயாளிகள் இதில் ஒன்றை அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பெரிய டாக்டர் சொல்கிறார், புது மருந்து, இலவசம் என்றதும் இது தனக்கான சிகிச்சை என்று நினைத்துவிடுகிறார்கள். யாருக்கு எந்த மருந்து என்பதை பல சோதனைகளில் குலுக்கல் முறையில் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும். தனக்கு வந்தது பழைய மருந்தா புதியதா என்பது டாக்டருக்கே தெரியாமல் இருக்கலாம்.

ஆள் தேவை என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்தால், சி.டி.ஆர்.ஐ. எண்ணைக் கேட்க வேண்டும். 2009 ஜூன் முதல் கட்டாயமாக்கப்பட்ட இந்திய மருந்து பரிசோதனைப் பதிவேட்டின் எண் அது. புது மருந்து என்றால் அந்த எண் இருந்தாக வேண்டும். அதை இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடி, நிறுவனம், மருத்துவமனை, எத்திக்ஸ் கமிட்டி எது என்று பார்க்கலாம். கையெழுத்து போட்ட படிவத்தின் ஒரு நகலை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். பாதிப்பு வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற தொலைபேசி எண் அதில்தான் இருக்கும்.