விளையாட்டுப் பக்கத்தின் இரட்டைக் குவளை

போன மாதம் ஒரு நண்பர் வீட்டுக்கு வந்தார். விளையாட்டைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவர், பேசுகிறவர். கையில் ஒரு தாள். 'சென்னையில ஒரு மாநாடு கூட்டுறோம் தோழர். விளையாட்டு எழுதுற இணையதளக்காரங்க, யூடியூபில் பேசுறவங்க எல்லாரையும் ஒரே எடத்துல உக்கார வைக்கப் போறோம். நீங்க ஒரு கவிதை வாசிக்கணும்' என்றார்.

தாளை வாங்கிப் பார்த்தேன். நட்சத்திர ஓட்டல். இரண்டு நாள். நுழைவுக் கட்டணம் 2,500 ரூபாய். ஒன்பது அமர்வுகள். அதில் ஏழு கிரிக்கெட். மீதி இரண்டில் ஒன்று பார்வையாளர்களைப் பெருக்குவது எப்படி, இன்னொன்று விளம்பரதாரரைப் பிடிப்பது எப்படி. கபடி இல்லை. கேரம் இல்லை. குத்துச்சண்டை இல்லை. முதல் நாள் சாயங்காலம் கலை நிகழ்ச்சியில் பறையாட்டம் இருந்தது. அதற்கு அடுத்தது என் கவிதை.

ஆக, அடிக்கிறதுக்கும் பாடுறதுக்கும் நாம வேணும். பேசுறதுக்கு வேணாம்.

இதைச் சொன்னேன். 'அப்படியெல்லாம் நாங்க யோசிக்கலியே தோழர்' என்றார். உண்மைதான். அவர் சாதி பார்க்கிற ஆளில்லை. என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். யாரும் யோசிக்காமலேயே இப்படி ஒரு பட்டியல் தானாக வந்து விழுகிறதே, அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

மாநாடு கூடாது என்பதல்ல என் வாதம். கூட வேண்டும். ஏனென்றால் இணையத்தில் விளையாட்டு எழுதுகிறவர்களுக்கு வெளியே நிற்கிற அனுபவம் உண்டு. 2008இல் ஐ.பி.எல். ஆரம்பித்தபோது கிரிக்இன்ஃபோ உள்ளிட்ட இணையதளங்களுக்குச் செய்தியாளர் அனுமதி மறுக்கப்பட்டது. 2012இல் இங்கிலாந்து அணி இங்கே ஆட வந்தபோது கெட்டி இமேஜஸ் போன்ற பட நிறுவனங்களைக் கிரிக்கெட் வாரியம் மைதானத்துக்குள் விடவில்லை. அதைக் கண்டித்து சர்வதேசச் செய்தி நிறுவனங்கள் அந்தத் தொடரைப் படமெடுக்காமல் ஒதுங்கின. அமெரிக்காவிலும் பத்திரிகைக்காரர்களின் ஏளனத்துக்கு ஆளான இணைய எழுத்தாளர்கள் 2009இல் நியூயார்க்கில் தங்களுக்கென்று ஒரு மாநாடு கூட்டிக்கொண்டார்கள். பிரஸ் பாக்ஸ் என்பது ஒரு கதவு. அதற்குள் யாரை விடுவது என்பதை மைதானத்தின் முதலாளி முடிவு செய்கிறான். இதை எதிர்த்துச் சேர்ந்து நிற்பது நியாயம்.

கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. வாசலில் நிறுத்தப்பட்டவன் உள்ளே போனதும், தனக்குப் பின்னால் வெகுகாலமாக நின்றுகொண்டிருப்பவனைத் திரும்பிப் பார்க்கிறானா?

ரொம்ப நாளாக நிற்கிறவர் ஒருவரைச் சொல்கிறேன். பல்வங்கர் பாலூ. 1876இல் பிறந்தவர். சமார் சாதி. புனேயில் வெள்ளைக்காரர்களின் மன்றத்தில் ஆடுகளத்தைப் பராமரிக்கிற வேலையில் இருந்து, அவர்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து போட்டுப் போட்டே பந்துவீச்சாளர் ஆனவர். திறமை வேண்டும் என்பதால் இந்துக்கள் அவரைத் தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, தனியாக, தூக்கி எறிகிற மண் குவளையில் தேநீர். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் 100க்கும் மேல் விக்கெட் எடுத்தார். கேப்டன் பதவி மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1923இல்தான் அவர் தம்பி விட்டல் இந்து அணிக்குக் கேப்டன் ஆனார்.

பாலூ எடுத்த விக்கெட்டுகளின் கணக்கு அன்றைக்கே அச்சில் ஏறிவிட்டது. மண் குவளையோ, ராமச்சந்திர குகாவின் ஆங்கிலப் புத்தகம் 2002இல் வந்த பிறகுதான் நம்மில் பலருக்குத் தெரிந்தது. விளையாட்டுப் பக்கத்தின் இரட்டைக் குவளை என்று நான் சொல்வது இதைத்தான். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் டீக்கடைக்குள் ஒரு குவளை, வெளியே ஒரு குவளை. விளையாட்டு எழுத்தில் ஓட்டத்துக்கும் விக்கெட்டுக்கும் பதக்கத்துக்கும் ஒரு பக்கம், சாதிக்கு வேறு பக்கம். இரண்டும் ஒட்டிவிடக் கூடாது என்பதில் மட்டும் ரொம்பக் கவனம்.

பழங்கதை என்பீர்கள். 2021க்கு வருவோம். ஜூலையில் தமிழ்நாடு பிரீமியர் லீக் போட்டி. வர்ணனையில் கலந்துகொண்ட சுரேஷ் ரெய்னாவிடம் சென்னைப் பண்பாட்டோடு எப்படி ஒட்டிப்போனீர்கள் என்று கேட்கிறார்கள். தானும் ஒரு பிராமணன்தான் என்று நினைப்பதாகச் சொல்லிச் சிரிக்கிறார். சென்னை என்றால் பார்ப்பனர் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அவர் 2004 முதல் இங்கே ஆடுகிறாராம். இத்தனை வருஷத்தில் அவர் பார்த்த சென்னையில் வியாசர்பாடி இல்லை, காசிமேடு இல்லை, புளியந்தோப்பு இல்லை. வர்ணனைப் பெட்டிக்குள்ளும் அது இல்லை.

அதே மாதம் தொடங்கியது டோக்கியோ ஒலிம்பிக்ஸ். பெண்கள் ஹாக்கியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டவர் வந்தனா கட்டாரியா. அரையிறுதியில் இந்தியா அர்ஜென்டினாவிடம் தோற்றது. அன்றைக்கு ஹரித்வார் பக்கம் ரோஷ்னாபாத்தில் அவர் வீட்டு வாசலில் ஆதிக்கச் சாதி ஆண்கள் பட்டாசு வெடித்து ஆடினார்கள். தலித்துகள் நிறையப் பேர் அணியில் இருப்பதால்தான் தோற்றது என்று சாதிப் பெயர் சொல்லித் திட்டினார்கள் என்பது குடும்பத்தாரின் புகார். கோல் போட்டது விளையாட்டுச் செய்தி. வாசலில் வெடித்த பட்டாசு குற்றச் செய்தி. ஒரே பெண், ஒரே வாரம், இரண்டு பக்கம்.

2023 ஜூன். குஜராத், பாட்டன் மாவட்டம், காகோஷி கிராமம். கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு தலித் சிறுவன் பந்தைக் கையில் எடுத்துவிட்டான். அதைத் தொடர்ந்த தகராறில் அவன் மாமனுடைய கட்டை விரல் வெட்டப்பட்டது. 2025 மார்ச். நம்ம தூத்துக்குடி மாவட்டம், ஸ்ரீவைகுண்டம் பக்கம். பரீட்சைக்குப் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு தலித் மாணவனைப் பேருந்தை மறித்து இறக்கி விரல்களை வெட்டினார்கள். கபடியில் ஆதிக்கச் சாதி அணியைத் தோற்கடித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். நான் பார்த்த எந்த விளையாட்டுப் பக்கத்திலும் அந்தப் பையன் இல்லை. ஒரு மட்டையாளருக்கு விரலில் சுளுக்கு என்றால் மூன்று நாள் செய்தி. கபடி ஆடுகிறவனின் விரல் போனால் அது காவல் நிலையச் செய்தி.

இந்தியாவில் பயிற்சியாளர்களுக்கு 1985 முதல் தருகிற விருதின் பெயர் துரோணாச்சாரியார் விருது. கட்டை விரலைக் காணிக்கையாகக் கேட்டு வாங்கிய குருவின் பெயர். அதற்கும் முன்னால், 1961 முதல், அர்ச்சுனன் பெயரில் ஒரு விருது. ஒவ்வொரு வருஷமும் விருதுப் பட்டியல் வருகிறது. விளையாட்டு எழுதுகிறவர்கள் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அந்தப் பெயரே ஒரு செய்தி என்று எத்தனை பேருக்குத் தோன்றியது?

தோன்றாது. ஏனென்றால் எழுதுகிற கை யாருடையது? 1996இல் பி.என். உனியால் என்ற டெல்லிப் பத்திரிகையாளர், அங்கீகாரம் பெற்ற செய்தியாளர்களில் ஒரு தலித்தைத் தேடிப் பார்த்து, ஒருவர்கூடக் கிடைக்கவில்லை என்று எழுதினார். 23 வருஷம் கழித்து, 2019இல் ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டன. செய்தி அறைகளில் 121 தலைமைப் பதவிகளை எண்ணினார்கள். 106 பேர் உயர்சாதியினர். தலித், ஆதிவாசி ஒருவரும் இல்லை. இணையம் வந்தால் எல்லாம் மாறும் என்றார்கள். அச்சு இயந்திரம் போய்க் கைபேசி வந்தது வாஸ்தவம்தான். ஆனால் மாநாட்டு மேடைக்கு ஆள் எடுக்கும்போது பழைய பட்டியல்தான் வருகிறது.

காசு விஷயத்தையும் மறைக்க வேண்டாம். இணைய விளையாட்டு ஊடகத்துக்கு ரொம்ப காலம் விளம்பரச் சோறு போட்டவை பணம் கட்டி ஆடுகிற கற்பனை அணி ஆப்புகள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது. இந்திய அணியின் சட்டையில் இருந்த ஆப்பு நிறுவனமே விலகிக்கொண்டது. 'ஸ்பான்சர் கிடைக்கிறதே கஷ்டமா இருக்கு தோழர், அதான் கட்டணம்' என்று நண்பர் சொன்னதன் பின்னணி இதுதான். புரிகிறது. ஆனால் 2,500 ரூபாய் ஒரு சித்தாள் பெண்ணுக்குப் பல நாள் கூலி. அவள் மகன் எங்கள் தெரு கால்பந்துப் போட்டியை ஓட்டைக் கைபேசியில் படம் பிடித்துப் போடுகிறான். அவனும் இணைய விளையாட்டு ஊடகம்தான். அவனுக்கு அந்த ஓட்டலின் காவலாளியைத் தாண்டுவதே பெரிய போட்டி.

இன்னொரு பக்கமும் உண்டு. நம்மவர்கள் ஜெயித்தால் எழுதுவதேயில்லை என்று சொல்ல முடியாது. எழுதுகிறார்கள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா மூன்று தங்கம் வென்றார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா ஆடினார். உடனே 'குடிசையில் பூத்த மலர்', 'வறுமையை வென்ற சிங்கப்பெண்'. கண்ணில் தண்ணீர் வர எழுதுவார்கள். நகரத்துக்குள் குடியிருந்த ஜனங்களைப் பெயர்த்தெடுத்துக் கொண்டுபோய்க் கொட்டிய இடம் கண்ணகி நகர். பெயர்த்தது யார், அங்கே மைதானம் ஏன் இல்லை, அடுத்த பத்துப் பெண்கள் எங்கே ஆடுவார்கள் என்று கேட்டால் அது விளையாட்டு இல்லை, அரசியலாம். நம்மைப் பார்த்து இரக்கப்படுவது சுலபம். கேள்வி கேட்பதுதான் வலிக்கிறது.

நம்மிடமும் கோளாறு இருக்கிறது. மறைக்காமல் சொல்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேலாக தலித் இதழ்கள் நடத்துகிறோம். கவிதை, கதை, வரலாறு, நாட்டார் தெய்வம், பறை, உணவு எல்லாம் எழுதிவிட்டோம். விளையாட்டை எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம்? மரியா இருதயம் 1991இலும் 1995இலும் கேரம் உலக சாம்பியன், 1996இல் அர்ச்சுனா விருது. நம் தெருமுனைகளில் மாவு போட்டுத் தேய்த்த பலகையில் ஆடுகிற ஆட்டத்தில் உலகத்தை ஜெயித்த சென்னைக்காரர். அந்த வருஷங்களின் சிற்றிதழ்களைப் புரட்டினால் தெரிதா கிடைப்பார், மரியா இருதயம் கிடைப்பாரா? மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் ஆடியவர். அவர் வாழ்க்கையிலிருந்து கதை எடுத்து மாரி செல்வராஜ் 2025இல் 'பைசன்' எடுத்த பிறகுதான் நமக்கு அவரைத் தெரிகிறது. வடசென்னைக் குத்துச்சண்டைக்கு ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' 2021இல் வர வேண்டியிருந்தது. சினிமாக்காரன் வந்து எடுத்துக்கொடுக்கிற வரைக்கும் நாம் எங்கே இருந்தோம்? ஆட்டம் என்றால் பொழுதுபோக்கு, அரசியல் என்றால் கருத்தரங்கு என்று நாமும் ஒரு சுவர் கட்டி வைத்திருந்தோம்.

அதனால் நண்பரிடம் கவிதை வாசிக்க மாட்டேன் என்று சொன்னதோடு நிறுத்தவில்லை. தாளின் பின்பக்கத்தில் என் கணக்கைப் போட்டுக் கொடுத்தேன்.

1. இடத்தை மாற்றுங்கள். வியாசர்பாடியிலோ கண்ணகி நகரிலோ ஒரு பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை. சாமியானா, மைக் செட், மதியச் சாப்பாடு. ஓட்டல் வாடகையில் கால்வாசிகூட ஆகாது. கட்டணம் வேண்டாம், முடிந்தவர் உண்டியலில் போடட்டும்.

2. முதல் அமர்வு விளையாட்டுப் பக்கத்தில் சாதி. ஸ்ரீவைகுண்டம் சம்பவத்தை ஒரு விளையாட்டுச் செய்தியாளர் எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.

3. தெருப் போட்டிகளைப் படம் பிடிக்கிற பையன்களும் பெண்களும் மேடையில் பேசட்டும். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குப் பஸ் காசு கொடுங்கள். பெண்கள் ஆட்டத்தைப் பெண்களே பேசட்டும்.

4. அனுமதி அட்டைக்காகச் சேர்ந்து போராடும்போது, கிராமத்து அணிகளைப் பற்றி எழுதுகிறவருக்கும் அதே அட்டை வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். வர்ணனையில் சாதிப் பெருமை பேசினால் சிரித்து மழுப்பாமல் அங்கேயே மறுப்போம் என்று இன்னொரு தீர்மானம்.

5. நம் ஆட்டக்காரர்களின் வரலாற்றைச் சேகரிக்க ஒரு குழு. பழைய போட்டோ, கோப்பை, துண்டுப் பிரசுரம், கிழவர்களின் பேச்சு. அடுத்த பாலூவுக்கு இன்னொரு குகா வருகிற வரைக்கும் காத்திருக்க முடியாது.

கலை நிகழ்ச்சியில் பறை இருக்கட்டும். ஆனால் அடிக்கிறவர் பகலில் அமர்வுகளிலும் உட்காரட்டும். அவருக்குக் கபடி தெரியும், கேட்டுப் பாருங்கள்.

நண்பர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். 'கமிட்டியில வச்சுப் பேசுறேன் தோழர்' என்றார். கமிட்டியில் பதினோரு பேராம். நம்மவர் யாராவது உண்டா என்று நான் கேட்கவில்லை. அவரே வாசல் வரை போய்த் திரும்பி வந்து, 'ஒருத்தரும் இல்ல' என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சங்கடம் தெரிந்தது. அந்தச் சங்கடத்தை நான் மதிக்கிறேன். மாநாடு அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

இதைப் படிக்கிற தோழர்கள் கமிட்டி முடிவு செய்கிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். உங்கள் காலனியில் இந்த ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஓர் ஆட்டம் நடக்கும். போய் உட்காருங்கள். யார் ஆடினார்கள், எத்தனை புள்ளி, மைதானம் யாருடையது, ஊர்த்தெரு அணி நம்மோடு ஆட வந்ததா இல்லையா என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கித் தருவதாக ஆசிரியர் குழு சொல்லியிருக்கிறது.