எந்த நூலை நம்புவது?

மருத்துவம் பயிலும் மாணவர் இன்று நூல் இல்லையே என்று வருந்துவதில்லை. நூல் மிகுந்துவிட்டதே என்றுதான் தடுமாறுகின்றனர். கைத்தொலைபேசியைத் தொட்டால் ஆயிரம் குறிப்புகள். எழுதியவர் யார், எந்த ஆண்டில் எழுதினார், எந்நாட்டு நோயாளரை மனத்திற்கொண்டு எழுதினார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தராத குறிப்பை ஒதுக்கிவிடுதல் நலம்.

1952இல் முதன்முதல் வெளிவந்த டேவிட்சனின் மருத்துவ நூல் பலமுறை திருத்தம் பெற்றது. அடிப்படை அறிவுக்கு அது தக்க துணை. ஆனால் வயற்சேற்றிலும் இரத்தினக்கற் குழியிலும் நின்று உழைப்போரை எலிக்காய்ச்சல் வாட்டும் இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளுக்கு அது மட்டும் போதாது. 2008இல் மட்டும் இந்நோய் கண்டதாக ஐயுறப்பட்டோர் நாடெங்கும் 7,000 பேருக்கு மேல். நம் நாட்டு நிலைமையை அறியச் சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வெளியிடும் வாராந்த அறிக்கையையும் மாணவர் படித்தல் வேண்டும்.

இவ்விரண்டும் கற்றவர்க்கும் மூன்றாவதொன்று தேவைப்படுகிறது. சபரகமுவப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் இரத்தினபுரியில் இயங்குகிறது. அங்கே பயிலும் ஒருவரிடம் தோட்டத்துத் தாய் ஒருத்தி, "மேலெல்லாம் உளைச்சலா இருக்குங்க" என்கிறாள் எனக் கொள்வோம். 'மேல்' என்றால் உடம்பு; 'உளைச்சல்' என்றால் குடைவது போன்ற வலி. ஏட்டுத் தமிழ் மட்டும் அறிந்தவரோ அதனை மனவுளைச்சல் என்று எழுதிவிடக்கூடும். காய்ச்சலோடு கெண்டைக்கால் உளைவது எலிக்காய்ச்சலின் முக்கிய அறிகுறிகளுள் ஒன்று. அது தவறினால், சிறுநீரகம் பழுதுபடும்வரை நோய் மறைந்திருக்கவும் கூடும்.

1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணிபுரிந்த டாக்டர் கிறீன், தம் தமிழ் மாணாக்கரின் துணையோடு இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்கினார். மேனாட்டு மருத்துவத்தை நம் மொழிக்குக் கொண்டுவந்த அரிய பணி அது. இன்று வேண்டுவது மறுதிசைப் பணி: நோயாளியின் மொழியை மருத்துவ மாணவரிடம் கொண்டுசேர்த்தல்.

அம்மொழி எந்த அலமாரியிலும் இல்லை. லயன்களில் வாழும் மக்களின் நாவில் இருக்கிறது. தோட்டப் பாடசாலை ஆசிரியர்களும் மாணவர்களும் நோவையும் நோயையும் குறிக்கும் சொற்களைத் திரட்டட்டும். அவற்றின் பொருளை அனுபவமிக்க வைத்தியர்கள் சரிபார்க்கட்டும். சிங்கள, ஆங்கிலப் பொருளும் சேர்த்து ஒரு சிறு கையேடாக அது அச்சேறட்டும். வட்டார வழக்கைக் கதைகளில் சுவைக்கும் நம் இலக்கிய வட்டங்கள் இதற்கு முன்வருமா? ஒரு சொல்லுக்குச் சரியான பொருள் எழுதுவதால் ஓர் உயிர் பிழைக்குமாயின், அதனினும் பெரிய இலக்கியப் பணி யாது?